ஃபிளாக்கிற்குப் பிறகு யார்: ஹார்ப்பரா, பெய்லியா, எட்ஜ்கம்மா?

வெள்ளவத்தைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். வியாழன் விடிய ஐந்தரைக்கு 2025 என்.பி.ஏ. டிராஃப்ட் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வு) தொடங்குகிறது, புரூக்ளினில் அப்போது புதன் இரவு எட்டு மணி. அதற்கு முதல் ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து வேண்டும். பின்னேரத்தில் சேர்ந்து விளையாடும் எங்கள் கூட்டத்தில் இரண்டு கிழமையாக இதே வாக்குவாதம்தான், நேற்று மழை கொட்டத் தொடங்கிக் கோர்ட் ஓரத்துத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்ற ஒரு மணித்தியாலமும் இதைத்தான் கதைத்தோம்.

முதலாம் இடத்தில் சண்டையே இல்லை. கூப்பர் ஃபிளாக். டுயூக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம் விளையாடி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 19.2 புள்ளி, 7.5 ரீபவுண்ட் (தவறிய எறிகையைப் பிடிப்பது), 4.2 அசிஸ்ட் (புள்ளி எடுக்க வைக்கும் பாஸ்), அதுவும் கடந்த டிசம்பரில்தான் அவனுக்கு 18 வயது ஆனது. யார் முதலில் தெரிவு செய்வது என்று சீட்டெடுக்கும் லாட்டரியில் 1.8 வீத வாய்ப்பு மட்டும் வைத்திருந்த டலஸுக்கு அவன் போகப் போகிறான், சரி.

எனக்குக் குழப்பம் அதற்குப் பிறகுதான். இரண்டாவதாகத் தெரிவு செய்யும் அணி சான் அன்டோனியோ, மூன்றாவது ஃபிலடெல்ஃபியா, நான்காவது ஷார்லட், ஐந்தாவது யூட்டா. நான் நவம்பரில் இருந்தே ஏஸ் பெய்லிதான் இரண்டாவது என்று சொல்லி வருகிறேன். இந்தியானாவுக்கு எதிராக 39 புள்ளி எடுத்த மட்ச்சைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான், இவன் அவனுக்கு மேலால் எறிகிறான், பந்து வளையத்தில் படாமல் உள்ளே போகிறது. இப்படி எறிகிறவனை எப்படி விடுவது?

ஆனால் கூட்டாளிகள் மூன்று விஷயம் சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் என்னை யோசிக்க வைக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெய்லியும் டைலன் ஹார்ப்பரும் ஒன்றாக இருந்தும் 15 வெற்றி 17 தோல்வி, கல்லூரி அணிகளின் மார்ச் சுற்றுப்போட்டிக்குக்கூடப் போகவில்லை, உண்மையான ஆட்டக்காரன் என்றால் அணியை வெல்ல வைத்திருக்க மாட்டானா என்கிறார்கள். அடுத்தது, 6 அடி 10 அங்குலம் என்று சொல்லப்பட்டவன் டிராஃப்ட்டுக்கு முதல் சிகாகோவில் அளந்தபோது 6 அடி 7.5 அங்குலம்தான் இருந்தான். மூன்றாவது, ஃபிலடெல்ஃபியா அணி அவனைப் பார்க்கக் கூப்பிட்ட தனிப் பயிற்சிக்குப் போகாமல் அவன் நிறுத்திவிட்டதாக இந்தக் கிழமை வந்த செய்தி.

ஹார்ப்பர் 19.4 புள்ளி, பெய்லி 17.6, பெய்லர் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய வி.ஜே. எட்ஜ்கம் 15.0. வேறு வேறு அணி, வேறு வேறு வேலை, இந்த இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா? அணி தோற்றதை எவ்வளவுக்குக் கணக்கில் எடுப்பீர்கள்? வெறும் பெயர் வரிசை போடாமல் ஏன் என்பதையும் எழுதுங்கள், தயவுசெய்து.

கோர்ட் ஓரம்:

தம்பி, நல்ல கேள்வி. நான் கொழும்பில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்குகிறேன், 16 வருடமாகிறது. என்.பி.ஏ. ஸ்கௌட் இல்லைதான், ஆனால் ஆட்களைத் தெரிவு செய்து பிழைவிட்டும் சரிவந்தும் பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அணி தோற்ற கதை. அதை விடுங்கள். 2017இல் முதலாவதாகப் போன மார்கெல் ஃபுல்ட்ஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 9 வென்று 22 தோற்றது. 2016இல் முதலாவதாகப் போன பென் சிம்மன்ஸின் எல்.எஸ்.யு. (லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மார்ச் சுற்றுப்போட்டிக்குப் போகவில்லை. 2020இல் அன்தனி எட்வர்ட்ஸின் ஜோர்ஜியா 16 வெற்றி 16 தோல்வி. அந்த மூவரின் கதையும் மூன்று மாதிரிப் போனது. ஆகவே அணியின் வெற்றி தோல்வியில் இருந்து ஒன்றும் தெரியாது, ஏன் தோற்றார்கள் என்று பார்த்தால்தான் ஏதாவது தெரியும்.

ரட்கர்ஸ் ஏன் தோற்றது? இவர்கள் இருவரையும் விட்டால் தூரத்தில் நின்று எறிய நம்பிக்கையான ஆட்கள் போதாது. கல்லூரி ஆட்டத்தில் டிஃபென்ஸ் மூன்று வினாடி விதி கிடையாது, எங்களுடைய பாடசாலை ஆட்டத்திலும் கிடையாது, அதனால் எதிரணியின் உயரமான ஆள் வளையத்துக்குக் கீழே நாற்காலி போட்டு இருந்ததுபோல நிற்கலாம். என்.பி.ஏ.யில் தன்னுடைய ஆள் பக்கத்தில் இல்லாமல் அங்கே மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது. எறிகிறவர்கள் இல்லாவிட்டால் ஐந்து பேரும் உள்ளே சுருங்கி விடுவார்கள். அந்த நெரிசலுக்குள்ளும் ஹார்ப்பர் இடது கையால் தட்டிக்கொண்டு வளையம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தான், பாருங்கள். லாஸ் வேகாஸில் நொட்ர டாமுக்கு எதிராக 36 புள்ளி, அடுத்த நாளே அலபாமாவுக்கு எதிராக 37. வழி இல்லாத இடத்தில் வழி எடுத்தவனுக்கு வழி அகலமான இடத்தில் வேலை குறையும். எனக்கு இரண்டாவது ஹார்ப்பர்தான், யோசிக்கவே தேவையில்லை.

இப்போது பெய்லி. நீங்கள் ரசித்த அந்த எறிகையை நானும் ரசிக்கிறேன். ஆனால் ஒரு வேலை செய்யுங்கள், அவனுடைய ஏதாவதொரு முழு மட்ச்சை எடுத்து, ஹைலைட் இல்லை, முழு மட்ச், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பந்து உள்ளே போனதா இல்லையா என்பதைப் பார்க்காமல் அதற்கு முன் நடந்ததை மட்டும் பாருங்கள். எந்த இடத்தில் பந்தைப் பிடித்தான், எத்தனை தட்டு தட்டினான், எறியும்போது எதிராளி எவ்வளவு கிட்டத்தில் நின்றான். அவன் பந்தை உயரமாகத் தட்டுகிறான், உடம்பும் நிமிர்ந்தே இருக்கிறது, ஆகவே எதிராளியை விட்டு விலக முடியவில்லை, விலக முடியாததால்தான் முகத்தில் கையோடு எறிய வேண்டி வருகிறது. நீங்கள் திறமை என்று பார்ப்பதில் பாதி, வேறு வழி இல்லாமல் வந்தது. அசிஸ்ட் 1.3தான் என்பதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன், டிஃபென்ஸைக் கலைக்காதவனுக்குப் பாஸ் கொடுக்க ஆள் கிடைக்காது.

ஒருமுறை 17 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆள் எடுக்கும்போது உயரமான ஒரு பெடியனை எடுத்தேன். தெரிவு நடந்த அன்று அவன் எறிந்ததெல்லாம் உள்ளே போனது. பாஸ் மட்டும் அழகாகக் கொடுத்த இன்னொருவனை விட்டுவிட்டேன். மட்ச்சில் முதல் கால் பகுதியிலேயே எதிரணிக் கோச் கெட்டியான ஒருவனை அவன் மேல் ஒட்ட விட்டார், அதற்குப் பிறகு அவனுக்குச் சுத்தமான ஓர் எறிகைகூடக் கிடைக்கவில்லை. அன்றில் இருந்து நான் பார்க்கிற முதல் விஷயம், எறிகைக்கு இடத்தை அவனே உண்டாக்குகிறானா, இல்லை மற்றவர்கள் உண்டாக்கிக் கொடுக்க வேண்டுமா என்பதுதான். பெய்லிக்கு மற்றவர்கள் உண்டாக்கிக் கொடுத்தால் அவன் சரியான ஆபத்தானவன். அதனால் நல்ல பந்து கொண்டுபோகிறவன் இருக்கிற அணிக்கு அவன் போக வேண்டும், தானே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய அணிக்குப் போனால் கஷ்டம்.

தனிப் பயிற்சியை நிறுத்தியதற்கு நான் புள்ளி குறைக்க மாட்டேன். அது பத்தொன்பது வயதுகூட ஆகாத பிள்ளையைச் சுற்றி இருக்கிற பெரியவர்களின் முடிவு.

கணக்குக் கொப்பி:

சேர் சொன்னதில் அரைவாசிக்கு உடன்பாடு. இலக்கங்களை ஒப்பிடலாமா என்று தம்பி கேட்டதற்கு வருகிறேன். ஒப்பிடலாம், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்பதை அல்ல, இடம் மாறினாலும் மாறாமல் இருப்பவற்றைத்தான் ஒப்பிட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ. 4.6 மீட்டர், முன்னால் யாரும் இல்லை, அவசரமும் இல்லை, கை மட்டும்தான். மூன்று புள்ளி வீதத்தை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம், ஏனென்றால் கல்லூரியில் ஒரு பருவம் என்பது சிறிய கணக்கு. பெய்லி 34.6 வீதம் என்கிறார்கள், அவன் எறிந்தது மொத்தம் 140 அளவில்தான். 140இல் ஆறு பந்து கூடப் போயிருந்தால் கிட்டத்தட்ட 39 வீதம், ஆறு குறைந்திருந்தால் 30. ஆறு பந்தை வைத்து ஒரு பெடியனின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. ஃப்ரீ த்ரோவில் பெய்லி 69.2, ஹார்ப்பர் 75.0, எட்ஜ்கம் 78.2. டுயூக்கின் கொன் கனிப்பெல் 91.4. இந்தப் பட்டியலில் எல்லோரும் கதைக்க மறந்த பெயர் அந்தக் கடைசிப் பெயர்தான், மூன்று புள்ளியிலும் 40.6 வீதம், ஃபிளாக்கின் பக்கத்தில் நின்றதால் அவனை ஆருக்கும் தெரியவில்லை.

தூரத்தையும் மறக்க வேண்டாம். கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு வளையத்தில் இருந்து 6.75 மீட்டர், அதுதான் சர்வதேசக் கோடும், எங்கள் கோர்ட்களில் கீறியிருப்பதும் அதே. என்.பி.ஏ.யில் நடுவில் இருந்து 7.24. அரை மீட்டர்தானே என்று நினைப்பீர்கள். நாளைக்கு ஒரு சோக் கட்டியைக் கொண்டுபோய் உங்கள் கோட்டுக்குப் பின்னால் 49 சென்டிமீட்டரில் ஒரு கோடு கீறி இருபது பந்து எறிந்து பாருங்கள், கால் எவ்வளவு வேலை செய்கிறது என்று விளங்கும்.

அடுத்தது வயது. இதை ஒருவரும் எடுக்கவில்லை. எட்ஜ்கம் 2005 ஜூலை, பெய்லி 2006 ஆகஸ்ட். ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி. உங்கள் வீட்டில் ஓ.எல். எழுதுகிற பிள்ளையையும் ஏ.எல். முதலாம் வருடப் பிள்ளையையும் ஒரே வினாத்தாளில் இருத்துவது போலத்தான் இது. கனிப்பெல்லும் 2005 ஆகஸ்ட். ஆகவே தம்பியின் பெய்லி செய்ததை அந்த வயதில் மற்ற இருவரும் செய்யவில்லை, அப்போது அவர்கள் பாடசாலையில் இருந்தார்கள். இந்த இடத்தில் நான் தம்பியின் பக்கம்.

சேர் எட்வர்ட்ஸைச் சும்மா தொட்டுவிட்டுப் போய்விட்டார், ஆனால் அவன்தான் இங்கே சரியான உதாரணம். ஜோர்ஜியாவில் மூன்று புள்ளி 29.4 வீதம், அவசர எறிகைகள், கஷ்டமான எறிகைகள், பெய்லியைப் பற்றி இன்றைக்குச் சொல்கிற அத்தனையும் அன்றைக்கு அவனைப் பற்றிச் சொன்னார்கள். முடிந்த பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக, 320 மூன்று புள்ளி எறிகைகளை உள்ளே போட்டவன் அவன். 18 வயதில் ஒருவன் எந்த எறிகையைத் தெரிவு செய்கிறான் என்பது திருத்தக்கூடிய குறை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, எட்வர்ட்ஸின் ஃப்ரீ த்ரோ அப்போதே 77 வீதம், உடம்பால் இடித்துக்கொண்டு வளையத்துக்குப் போகவும் அவனால் முடிந்தது. பெய்லிக்கு அந்த இரண்டும் இல்லை.

என் வரிசை: ஹார்ப்பர், எட்ஜ்கம், கனிப்பெல், பெய்லி.

வெள்ளவத்தைத் தம்பி:

சேர், அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. சத்தம் இல்லாமல் பார்க்கச் சொன்னதை இன்றைக்கே செய்கிறேன். ஒரு கேள்வி, எட்ஜ்கம்மை இரண்டாவதாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவனுடைய உயரம் 6 அடி 4 தானே, அவனைப் பெய்லிக்கு மேலே வைக்க என்ன காரணம்? அத்தோடு உயரக் கதைக்கு இன்னும் யாரும் பதில் தரவில்லை.

வலைப்பந்து அக்கா:

உயரக் கதைக்கு நான் வருகிறேன். பாடசாலையில் வலைப்பந்து ஆடியவள், இப்போது அலுவலக அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறேன், இரண்டிலும் உயரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று உடம்பால் தெரியும்.

சிகாகோவில் அளப்பது வெறுங்காலோடு. கல்லூரிகள் போடுகிற உயரத்தில் சப்பாத்தும் இருக்கும், ஆசையும் இருக்கும். பெய்லி வெறுங்காலில் 6 அடி 7.5 என்றால் ஃபிளாக்கும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஃபிளாக்கை யாராவது கட்டை என்றார்களா? இல்லையே. அப்போது பெய்லியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? பிழை பெடியனில் இல்லை, முதலில் 6 அடி 10 என்று எழுதியவர்களில். அத்தோடு தலையால் யாரும் பந்தைத் தடுப்பதில்லை, கைதான் முக்கியம். ஹார்ப்பர் 6 அடி 4.5, ஆனால் இரண்டு கையையும் விரித்தால் 6 அடி 10.5. ஆறு அங்குலம் கூட! காவல் நிற்கும்போது அந்த ஆறு அங்குலம் என்ன செய்யும் என்று, நீண்ட கைக்காரி ஒருத்திக்கு முன்னால் பாஸ் கொடுக்க முயன்ற எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். எங்களுடைய தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து 6 அடி 10 அங்குல உயரத்தோடு இலங்கை வலைப்பந்து அணியைத் தூக்கிப் பிடித்தவர், 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது எங்கள் வீட்டில் அம்மா கண்கலங்கினார். வலைப்பந்தில் எறிகிறவரிடம் இருந்து காவல் நிற்கிறவர் மூன்று அடி தள்ளித்தான் நிற்க வேண்டும், இடிக்க முடியாது. உயரத்தில் பந்தைப் பிடித்து நிதானமாகத் திரும்பி எறியும் திறமை இருந்தால் அங்கே ராணிதான். கூடைப்பந்தில் அப்படி இல்லை, பந்து வருவதற்கு முதலே இடுப்பால் தள்ளி உங்களை அந்த இடத்தில் இருந்து எடுத்துவிடுவார்கள்.

டுயூக்கின் கமான் மலுவாச் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் அவனுக்காகத்தான் இந்த டிராஃப்ட்டையே பார்க்கிறேன். தென் சூடானில் பிறந்து உகண்டாவில் வளர்ந்து, 17 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் நாட்டுக்கு ஆடியவன். வெறுங்காலில் ஏழு அடிக்கு மேலே, கையை விரித்தால் ஏழரை அடிக்கும் மேலே. இந்தப் பருவம் நன்றாகவும் ஆடினான். ஆனால் ஏப்ரலில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த மார்ச் சுற்றுப்போட்டி அரையிறுதியில் ஒரு ரீபவுண்ட்கூட எடுக்கவில்லை. எங்களுக்கு அது ஞாயிறு காலை, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், தேத்தண்ணி ஆறியதுதான் மிச்சம். ஹூஸ்டன் பெடியன்கள் உயரத்தில் அவனைவிட எவ்வளவோ குறைவு, ஆனால் முழங்காலை மடித்துத் தாழ நின்று அவனை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார்கள். 14 புள்ளி முன்னால் நின்ற டுயூக் 70–67 என்று தோற்றது. அவனுக்குக் கால் பலமும் இடம் பிடிக்கிற புத்தியும் வர இரண்டு வருடம் ஆகும். ஆனாலும் ஃப்ரீ த்ரோ 76.6 வீதம், அந்த உயரத்தில் அப்படியொரு கை எங்கே கிடைக்கும்? முதல் பத்துக்குள் எடுக்க வேண்டியவன், ஆனால் எடுத்த அன்றே பலன் கேட்கிற அணி எடுக்கக் கூடாது.

பழைய கதை ஒன்று. 2009இல் 7 அடி 3 அங்குலம் என்று தான்சானியாவின் ஹஷீம் தபீட்டை இரண்டாவதாக எடுத்தார்கள். மூன்றாவது ஜேம்ஸ் ஹார்டன். ஏழாவது ஸ்டீபன் கறி. கறிக்கு உடம்பு காணாது என்றார்கள் அன்றைக்கு.

கோர்ட் ஓரம்:

அக்கா தாழ நிற்பதைச் சொன்னீர்களே, அதுதான் எட்ஜ்கம் பற்றிய தம்பியின் கேள்விக்கும் பதில். பஹாமாஸில் பிமினி என்ற சின்னத் தீவுப் பெடியன். அவனுடைய உந்திப் பாய்கிற வேகத்தைத்தான் எல்லோரும் கதைக்கிறார்கள், ஆனால் நான் அவனை எடுப்பேன் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 2.1 ஸ்டீல் (எதிரணியிடம் இருந்து பந்தைப் பறிப்பது) என்பதற்காகத்தான். ஸ்டீல் எடுக்கக் காலும் கையும் மட்டும் போதாது, அடுத்த பாஸ் எங்கே போகும் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். பந்து கையில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள், 6 அடி 4 இருந்துகொண்டு 5.6 ரீபவுண்ட். அத்தோடு போன வருடம் வலென்சியாவில் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் பஹாமாஸுக்காக, என்.பி.ஏ.யில் பல வருடம் ஆடியவர்களோடு சேர்ந்து வளர்ந்த ஆட்களுக்கு எதிராக ஆடினான், இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம்தான் தோற்றார்கள். தம்பி கேட்ட மூவரில் அந்தச் சோதனையை எழுதியவன் அவன் ஒருவன்தான். அவனுடைய குறை, பந்தைத் தட்டிக்கொண்டுபோய் அணியை நடத்துகிற வேலை இன்னும் கைவரவில்லை, ஹார்ப்பருக்கு அது இப்போதே கைவந்திருக்கிறது. ஹார்ப்பரின் அப்பா ரொன் ஹார்ப்பர் ஐந்து சம்பியன் மோதிரம் வாங்கியவர் என்பதும் வீட்டில் ஒரு பாடசாலை இருந்த மாதிரித்தானே.

கொட்டாஞ்சேனை ராப்டர்:

எல்லோரும் இரண்டு, மூன்று என்று நிற்கிறீர்கள், எனக்கு ஒன்பதுதான் கவலை. சித்தப்பா குடும்பம் முழுக்க ஸ்கார்பரோவில், 2019இல் டொரொன்டோ சம்பியனானபோது அங்கிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் இருந்துதான் நான் இந்த விளையாட்டுக்கே வந்தேன். போன பருவம் 30 வெற்றி 52 தோல்வி, லாட்டரியில் ஒன்பதாம் இடம்.

ஒன்பதில் யார் வருவான் என்று நினைக்கிறீர்கள்? மச்சான் (ஸ்கார்பரோவில் இருப்பவன்) மலுவாச் வேண்டும் என்கிறான், அக்கா எழுதியதை அவனுக்கு அனுப்பிவிட்டேன். எனக்குச் சவுத் கரோலைனாவின் கொலின் மரி-பொய்ல்ஸைப் பிடிக்கும். 16.8 புள்ளி, 8.3 ரீபவுண்ட், வெறுங்காலில் 6 அடி 6.5 தான், ஆனால் விரித்த கை ஏழு அடிக்கு மேல், இடது கைக்காரன், எருமை மாதிரி இடம் பிடிப்பான். மூன்று புள்ளி எறிய வராது, அதுதான் பயம், எங்கள் அணியின் ஸ்கொட்டி பார்ன்ஸும் தூரத்தில் நின்று நன்றாக எறிகிறவன் இல்லை, இரண்டு பேரும் ஒன்றாக நின்றால் சேர் சொன்ன அந்த நெரிசல் வரும்.

ஆனால் பார்ன்ஸ் கதையே எனக்கு ஒரு பாடம். 2021இல் நாலாவது இடத்தில் டொரொன்டோ ஜேலன் சக்ஸை எடுக்கும் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள், நானும் சக்ஸ்தான் வேண்டும் என்று இருந்தேன். பார்ன்ஸின் பெயரை வாசித்ததும் அன்று விடிய எனக்குக் கோபம் கோபமாக வந்தது, எறியத் தெரியாதவனை எடுத்துவிட்டார்களே என்று. அடுத்த வருடம் அறிமுக வீரர் விருது பார்ன்ஸுக்கு. 2019 சம்பியன் அணியில் ஆடிய சியாகம் 2016இல் 27ஆவது! ஆகவே பொருந்துமா என்று யோசிப்பதைவிட ஆட்டக்காரனாக யார் பெரியவன் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் நிலை, குறிப்பாகத் தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு.

பெய்லி தனிப் பயிற்சிக்குப் போகாததைப் பற்றி ஒரு சொல். கனடாக்காரர்களுக்கு இது பழைய காயம். 1999இல் வான்கூவர் இரண்டாவதாக ஸ்டீவ் பிரான்சிஸை எடுத்தது, அவன் அங்கே ஆட மாட்டேன் என்று நின்று கடைசியில் ஹூஸ்டனுக்குப் போனான், இரண்டு வருடத்தில் வான்கூவரில் அணியே இல்லை. அதனால் வர விருப்பமில்லாதவனை நான் எடுக்க மாட்டேன். இதில் சேரோடு எனக்கு உடன்பாடு இல்லை, பெரியவர்களின் முடிவு என்றாலும் அந்தப் பெரியவர்களும் அவனோடுதான் வருவார்கள்.

வெள்ளவத்தைத் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த இந்தியானா மட்ச்சை முழுதாகச் சத்தம் இல்லாமல் பார்த்தேன். 39 புள்ளி எடுத்த அதே மட்ச்சில் ரட்கர்ஸ் தோற்றது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சேர் சொன்னது சரி. பிடித்த இடத்திலேயே நின்று எறிகிறான், இரண்டு தட்டு தட்டினாலும் எதிராளி கூடவே வருகிறான். நான் இத்தனை மாதம் பந்து உள்ளே போவதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பார்த்தேன், பந்து இல்லாமல் ஓடி வந்து பிடித்து உடனே எறிந்த எறிகைகள் மிக அழகு, காலும் தோளும் ஒரே நேரத்தில் வளையத்துக்குத் திரும்புகிறது. அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன். யூட்டா போன்ற, அவசரம் இல்லாத அணி ஒன்று அவனை எடுத்துப் பொறுமையாக வளர்க்க வேண்டும்.

இன்று காலை மழைக்கு முதல் சோக் கட்டியும் கொண்டுபோனேன். எங்கள் கோட்டில் இருபதுக்கு ஒன்பது, 49 சென்டிமீட்டர் பின்னால் இருபதுக்கு நான்கு. கடைசி ஐந்து பந்தும் வளையத்தின் முன்பக்கத்தில்தான் பட்டது.

என் புது வரிசை: ஃபிளாக், ஹார்ப்பர், எட்ஜ்கம், பெய்லி, டெக்சஸின் ட்ரே ஜோன்சன், கனிப்பெல். ஒன்பதில் ராப்டர் அண்ணாவுக்காக மரி-பொய்ல்ஸ், பத்தில் அக்காவுக்காக மலுவாச். கொட்டகைக் கூட்டத்திலும் இதையே கொடுக்கப் போகிறேன். வியாழன் விடிய ஐந்து மணிக்கே எழும்பி இருப்பேன், மற்றவர்களும் அதற்கு முதல் உங்கள் வரிசையை இங்கே போட்டு வையுங்கள்.

கணக்குக் கொப்பி:

தம்பி, கனிப்பெல்லை ஆறாவதாகப் போட்டிருக்கிறீர்கள். 91.4 வீதம். இன்னொருமுறை யோசியுங்கள், புதன் இரவு வரைக்கும் நேரம் இருக்கிறது.